வாயைப் பார்க்கிறவர்

பல் மாஸ்டருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. வாய்தான் நிற்கும். எதிரே வந்து தலையசைத்தவரை யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். அதே ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். மேல் வரிசை, முன்பக்கம், போன மழைக்காலத்தில் செய்தது என்று மனசுக்குள் பெயர்ப்பலகை விழும். வாய் திறக்காத ஆசாமிகள் அவருக்கு ஆயுளுக்கும் அந்நியர்கள். அவர் உற்றுப் பார்த்தால் ஆடுகிற பல் பயந்துபோய்த் தானாக விழுந்துவிடும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். ஒரே ஒரு முறைதான் விழுந்தது. அதுவும் எப்படியும் அன்றைக்கு விழ இருந்த பல்.

அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பதும், மெழுகில் ஈறு கட்டி அதில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவதும், கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இவர் வேலை. மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்க அலமாரி; அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் வெள்ளைத் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதிய பெயர். ஊரே வாயைத் திறந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும், ஒருவரும் பேச மாட்டார்கள். தனக்குத் தெரிந்ததிலேயே மரியாதையான கூட்டம் இதுதான் என்பார் மாஸ்டர்.

அந்த அறையில் அவரோடு இரண்டு பெண்கள். மோட்டார் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து பல் செட்டுகளுக்கு மெருகேற்றுகிறவள் அவருடைய அக்கா. மேசையின் மறுகோடியில் புத்தகத்தோடு வளர்ந்தவள் மகள். மகளின் அம்மா, பெண்ணுக்குப் பால்பல் விழும் வயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் எடுத்து வளர்த்தது அத்தைதான். அடித்த கூத்துக்கெல்லாம் சேர்த்து அத்தை வைத்த பெயர் வாலு. பிளாஸ்டர் தாடைகளுக்கு மை பூசி உதட்டுச்சாயம் போட்ட பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அந்த வாலுவுக்குத்தான் கடல் தாண்டி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பாலம் கட்டுகிற படிப்பு. அந்த ஊர் மொழியை அவள் இரண்டு வருஷமாக விழுந்து விழுந்து படித்திருந்தாள். வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளை ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. புறப்படுவதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஞாயிறுதோறும் திரையில் பார்த்துப் பேசிப் பழக வேண்டும். பழகிப் பார்த்துப் பெண்ணின் அப்பா சரியென்று சொன்னால் பயணம். வேண்டாமென்றால் அடுத்த வருஷம் வேறு வீடு பார்ப்பார்கள். அதுவரை இடத்தை வைத்திருப்போம் என்று மட்டும் அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

ஆக, எல்லாம் மாஸ்டரின் ஒரு வார்த்தையில் நின்றது. ஒரு வீட்டை எட்ட இருந்து பார்த்து நல்ல வீடு என்று சொல்வதைப்போல் அவருக்குப் பயமான காரியம் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. அக்காவுக்குச் சம்பந்தம் பேசியபோது தம்பிக்கு மீசை முளைக்கவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாய் நிறையச் சிரித்தார். சிரித்த முகம், பெண் கண் கலங்காமல் இருப்பாள் என்று மாஸ்டரின் அப்பா அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகிப் போன அக்கா, வருகிறபோதெல்லாம் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கேட்டதற்குப் படியில் விழுந்துவிட்டேன் என்றாள். எல்லோரும் நம்பினார்கள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் ஒரு பையோடு திரும்பி வந்து வாசலில் நின்றபோது, மேல் வரிசையில் இடது பக்கம் வெறும் ஈறு இருந்தது.

அந்த வருஷம் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பல் செட் பட்டறையில் சேர்ந்தான். ஏனடா என்று கேட்டவர்களிடம் வேறு வேலை கிடைக்கவில்லை என்றான். அவன் கையால் முதன்முதலாக முழுசாக முடித்தது அக்காவின் செட். அதன்பின் எத்தனையோ முறை மாற்றிச் செய்தாயிற்று, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அழகு. ஆனாலும் பேசும்போது அக்காவின் கை வாய்க்குப் போவது நிற்கவில்லை. பல் வந்துவிட்ட செய்தி கைக்கு மட்டும் எட்டவில்லை போலும்.

வாலுவுக்கும் அந்தப் படிக்கட்டுக் கதைதான் சொல்லியிருந்தார்கள்.

முதல் ஞாயிறு. தாடை மாதிரித் திறந்து மூடும் பித்தளைக் கருவி ஒன்று மேசைமேல் இருக்கும், செட்டின் கடி சரியா என்று பார்க்க. அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள் வாலு. திரையில் ஒரு சமையலறை வந்தது. கோடு போட்ட திரைச்சீலை, ஜன்னலில் இரண்டு செடி, மேசைக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவன் பஸ் ஓட்டுகிறவர். மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். பஸ்காரர் சிரித்தார். அத்தனையும் அசல் பல், ஒன்றுகூட வைத்ததில்லை என்பதை மாஸ்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிட்டார். இதே மாதிரி வாய் நிறைந்த ஒரு சிரிப்பை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இடது கை விரல்களை வாயோரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னது நாலு வார்த்தை. அதையும் விரல்களுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

மாஸ்டருக்கு அவர்கள் பேச்சு ஒன்றும் புரியாது. புரியாத பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவோ, தன்னையும் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு மெருகேற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் செத்தவன் எழுந்து உட்காருவான். பழகிப்போன மாஸ்டர் அசையவில்லை. பார்வையும் வாயை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த இருவரும் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பஸ்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் மெல்ல, வாயை அகல விரித்து, டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவரைப்போல் பேசத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு அவர் கையையும் ஆட்ட ஆரம்பித்தார். முஷ்டியை மடக்கி மார்பில் குத்தினார். ஒரு கையை விரித்து மறு கையால் பளாரென்று அறைந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு இன்னும் வேகம், இன்னும் பலம். அந்தக் கை ஒருமுறை மனைவியின் காதருகே வீசிப் போனது. வாலு ஒன்றும் நினைக்கவில்லை. நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிற கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா என்று சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த அம்மாள் எதையோ எடுக்கத் திரும்பியபோது விரல்கள் வாயை விட்டு விலகியிருந்தன. ஒரு நொடிதான். இடது பக்கம் உதடு தாழ்ந்து, கன்னம் உள்வாங்கிக் கிடந்தது. பல் இல்லாத கன்னம் எப்படிக் குழியும் என்று அவருக்கா தெரியாது? வாழ்நாள் முழுக்க அந்தக் குழியை நிரப்பித்தானே சாப்பிட்டார். இடது பக்கம். அடிக்கிறவன் எதிரே நின்றால், வலது கை விழுகிற பக்கம்.

போனை அணைத்ததும், இந்த வீடு வேண்டாம் என்றார்.

வாலு முதலில் விளையாட்டென்று நினைத்தாள். பிறகு ஏன் என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. அத்தை அதே அறையில் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்த வாயால் சொல்வது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னையும் பெயர் எழுதி அந்த அலமாரியிலேயே வைத்துவிடப் போகிறாரா என்று கேட்டாள் மகள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் அந்த வாரம் அலமாரித் தாடைகள்தான் அதிகம் பேசின.

கடைசியில் ஒரு மத்தியானம், வாலு வெளியே போயிருந்த நேரம் பார்த்து அக்கா மோட்டாரை நிறுத்தினாள்.

"என்னடா தம்பி, அந்த வீட்டுல என்ன பாத்த?"

அவர் மெழுகுக் கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்தாளு கை நீட்டுறவன்கா. அந்தம்மாவுக்கு இடது பக்கம் பல்லு இல்ல."

அக்காவின் கை தன்னையறியாமல் வாய்க்குப் போனது. கீழே தெருவில் யாரோ ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

"நீயே பாத்து நீயே முடிவு பண்ணிட்ட. அவகிட்ட கேட்டியா?"

"எப்படிக்கா கேக்கறது? பக்கத்துலயே அவன் உக்காந்திருக்கான்."

"எங்கிட்டயும் ஒருத்தரும் கேக்கல" என்றாள் அக்கா. "வர்ற ஞாயித்துக்கிழமை நான் உக்காறேன்."

ஞாயிறு வந்தது. எல்லாம் முடிந்துபோன பேச்சு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வாலுவைப் போன் போடச் சொன்னவளும் அத்தைதான். போட்டதும் மோட்டார்ப் பக்கம் போகாமல் நேரே வந்து, தம்பியின் நாற்காலியை இழுத்து வாங்கி, திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பஸ்காரர் உற்சாகமாக முஷ்டியை மடக்கினார். அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"வாலு, நான் சொல்றத அந்தம்மாவுக்கு அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத."

"சரி அத்தை."

"நீ வாயை மறைச்சுக்கிற. நானும் மறைப்பேன். நான் ஏன் மறைக்கிறேன்னு முதல்ல சொல்றேன். அப்புறம் நீ சொல்லு."

சொல்லிவிட்டு வாய்க்குள் கைவிட்டுச் செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இத்தனை வருஷத்தில் தம்பி முன்னால்கூட அவள் அதைக் கழற்றியதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் கொடுப்பாள். முகம் சட்டென்று வயசாகிக் குழிந்துபோனது. அந்த முகத்தோடு நேராகத் திரையைப் பார்த்தாள்.

"இது படியில விழுந்து போனதில்ல. என் புருஷன் அடிச்சுப் போனது."

வாலு வாயைத் திறந்தாள். அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் உப்பு மூட்டை ஏறிய அத்தையின் முதுகு, கைக்குப் பின்னால் சிரித்த அவள் வாய், படிக்கட்டுக் கதை எல்லாம் அவளுக்குள் ஒன்றோடொன்று மோதின.

"சொல்லு வாலு" என்றாள் அத்தை மெதுவாக. "பாதியில நிறுத்தாத."

சொன்னாள். தாய்மொழியில் ஒருபோதும் கேட்டிராத செய்தியை, கற்றுக்கொண்ட மொழியில், இலக்கணம் தடுமாற, அழுதுகொண்டே சொன்னாள். இதற்காகவா அந்த மொழியைப் படித்தேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

திரையில் அந்த அம்மாள் விரல்களை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தின் வலப்பாதி அழுதது. இடப்பாதி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் சும்மா இருந்தது. வாயைத் திறந்து காட்டினாள். பற்கள் எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன.

ஒருநாள் தூங்கி எழுந்தபோது முகத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுந்திருக்கவில்லையாம். வைத்தியம் பார்த்து ஓரளவு சரியானது. மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. சிரித்தால் பாதிதான் சிரிக்கும். வருகிற பெண் பயந்துவிடக் கூடாதே என்று கை வைத்துக்கொண்டாளாம். அதற்கேற்றாற்போல் பெண்ணின் அப்பா முதல் நாளிலிருந்து தன் வாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புருஷனிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம். புருஷன்தான் சமாதானம் சொன்னாராம்.

"என்னன்னு?" என்றாள் அக்கா.

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் காது கேக்காதாம் அத்தை. அதனால உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறாராம். எங்கிட்ட கேட்டா நான் வருத்தப்படுவேன்னு கேக்கலையாம்." திரையில் பஸ்காரரைக் காட்டினாள். "அந்தக் கையெல்லாம்... அவர் அப்பாவுக்காகக் கை மொழி கத்துக்கறாராம். ராத்திரி டிப்போவுல உக்காந்து."

பஸ்காரர் காது மடல் வரை சிவந்துபோய், தயங்கித் தயங்கி மறுபடி செய்து காட்டினார். முஷ்டியை மார்பில் வைத்தால், பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். கையில் கையை அடித்தால், எங்கள் வீட்டுக்கு வரட்டும்.

"எனக்கா காது கேக்காது?" என்றார் மாஸ்டர். "எனக்குச் சுவத்துல பல்லி நடந்தாலே கேக்கும்."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவர் அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை.

"நல்ல கதைதான்" என்றாள், கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல். "நானும் நல்ல கதைதான் சொன்னேன். எல்லாரும் நம்புனாங்க. இதை மொழிபெயர்க்காத."

பற்கள் முழுசாக இருப்பதால் கை ஓங்கியதில்லை என்று ஆகிவிடுமா? மாஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம் வாய். அது இப்போது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாள் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டதுபோல் கோப்பையை எடுத்து டீ குடித்தாள். வாலுவிடம் அவள் தங்கப்போகிற அறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். உயிரில்லாத பக்கத்து உதட்டோரம் டீ வழிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. பஸ்காரர் பார்த்துவிட்டார். அவருடைய வலது கை மேசையிலிருந்து விருட்டென்று உயர்ந்து மனைவியின் முகத்தை நோக்கிப் போனது.

இந்தப் பக்கம், கடல் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் கை கன்னத்தைத் தொட்டு, வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, இறங்கியது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தவில்லை. கண்ணை மூடவில்லை. தான் செய்வது தனக்கே தெரியாமல், துடைக்க வாகாகக் கன்னத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"தம்பி. நான் கண்ணை மூடிட்டேன்." குரல் அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இருந்தது. "அவ மூடினாளா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மனுஷியின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ அனுப்பு" என்றாள் அக்கா. மேசைமேல் இருந்த செட்டை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பாமலே மாட்டிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முன்தினம் வாலுவை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, அச்சு மாவைத் தண்ணீரில் குழைத்தார் மாஸ்டர். கொழகொழவென்று இருந்து சடக்கென்று ரப்பராக இறுகுகிற மாவு. எதற்கு என்று கேட்டாள் மகள். தனக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கிறதே என்றாள்.

"இருக்கறதுனாலதான்" என்றார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் கேட்டிருப்பாள், கேலியும் செய்திருப்பாள். வாயைத் திறந்தாள். அச்சு இறுகுகிற வரை அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கடைவாயோரம் வழிந்ததை அவர் கட்டைவிரலால் துடைத்தார்.

பிளாஸ்டர் காய்ந்ததும் அந்தத் தாடைக்கு அடியில் அவர் பெயர் எழுதவில்லை. அலமாரியிலும் ஏற்றவில்லை. மேசைமேல், பித்தளைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அங்கே போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் ஞாயிறு, போன் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அதே கோடு போட்ட திரைச்சீலை, அதே மேசை. இப்போது அதன் பின்னால் வாலு. காலையில் தடுக்கி விழுந்தது, வழியில் பார்த்த பாலத்தின் கைப்பிடி, குளிர், பக்கத்து வீட்டு நாய் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு எதுவும் காதில் விழவில்லை. தடுக்கி விழுந்த செய்தி மட்டும் விழுந்தது.

"எங்க விழுந்த?"

"படியிலப்பா" என்று சொல்லிவிட்டு வாலுவே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பிளாஸ்டர் தாடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஈ காட்டு."

காட்டினாள். மேல் வரிசை, கீழ் வரிசை, இடது பக்கம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னாலிருந்த பஸ்காரர் என்ன நடக்கிறதென்று புரியாமல், எதற்கும் இருக்கட்டுமென்று தானும் வாயைத் திறந்து காட்டினார். எல்லோருடைய பல்லும் இருந்தது. ஆனாலும் மாஸ்டர் தாடையைக் கீழே வைக்கவில்லை.

அப்போது பஸ்காரர் மேல்தட்டிலிருந்து கோப்பை எடுக்க எழுந்தார். அவருடைய நீண்ட கை வாலுவின் தலைக்கு மேலே உயர்ந்து, நெற்றியோரமாக இறங்கி வந்தது. மாஸ்டர் மகளின் கண்ணைப் பார்த்தார். பக்கத்தில் அக்காவும் பார்த்தாள். இந்த முறை மூடாமல் பார்த்தாள்.

வாலு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

மாஸ்டர் எழுந்துபோய் அந்தத் தாடையை அலமாரியில், ஊர்க்காரர்களுக்கு நடுவே, ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.